டயமண்ட்-ஸ்டார் டர்போ கார்களும் கால் மைல் டிராக் பந்தயமும்

டயமண்ட்-ஸ்டார் டர்போ கார்கள் என்பவை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள நார்மல் என்னும் ஊரில் 1989 முதல் 1999 வரை தயாரிக்கப்பட்ட மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளைமவுத் லேசர் ஆகிய கார்களின் டர்போ வகைகள் ஆகும். அன்றாடப் பயணத்துக்காக விற்கப்பட்ட இக்கார்களை, அவற்றின் உரிமையாளர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே மாற்றியமைத்து, கால் மைல் டிராக் பந்தயத்தில் பெரிய என்ஜின் கொண்ட கார்களுக்கு ஈடாக ஓட்டினர். கையால் கியர் மாற்றும் டர்போ கார் ஒன்றின் ஓட்ட நேரம் எவ்வாறு படிப்படியாகக் குறைக்கப்பட்டது, அதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை என்ன என்பதை அறிய இக்கார்களின் வரலாறு துணைபுரிகிறது.

டிராக் பந்தயத்தின் தோற்றம்

டிராக் பந்தயம் என்பது இரு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் 1320 அடி, அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தொலைவை ஓடிக் கடக்கும் போட்டியாகும். தெற்குக் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய கார்களைச் செப்பனிட்டு வேகம் பார்த்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஆர்வம் நகரச் சாலைகளுக்குப் பரவியது. பொதுச் சாலையில் நடந்த பந்தயங்களால் விபத்துகளும் காவல்துறையின் நடவடிக்கைகளும் பெருகின.

இதற்கு மாற்றாக 1950இல் சாண்டா ஆனா வானூர்தித் தளத்தில் கட்டணம் பெற்று நடத்தப்படும் பந்தயத் தடம் தொடங்கியது. 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இளைஞர்களின் வேக ஆசையைத் தடை செய்வதைவிட, அதற்கு ஓர் இடமும் விதியும் தருவதே நல்லது என்பது அவருடைய கருத்து. சங்கத்தின் முதல் பந்தயம் 1953இல் பொமோனாவிலும், முதல் தேசியப் போட்டி 1955இல் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரிலும் நடந்தன. கொடி அசைத்துத் தொடங்கும் முறைக்குப் பதிலாக, 'கிறிஸ்துமஸ் மரம்' எனப்படும் விளக்குக் கம்பம் 1963இல் புகுந்தது.

ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநருக்கு ஒரு சிறு சீட்டு தரப்படும. அதில் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி ஆகிய இடங்களைக் கடந்த நேரங்கள் இருக்கும். இவற்றுள் 60 அடி நேரம் மிக முக்கியமானது. தொடக்கத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தால், முடிவில் அதைவிடக் கூடுதலாகச் சேமிக்கலாம் என்பது பந்தயக்காரர்களின் அனுபவப் பாடம்.

டர்போ சாலைக்கு வந்த வழி

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இல் டர்போவுக்கான காப்புரிமையைப் பெற்றார். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று கூடினால் கூடுதலான எரிபொருளை எரிக்கலாம், ஆற்றலும் கூடும்.

அமெரிக்கச் சாலைக் கார்களில் 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகியவை டர்போவுடன் வந்தன. ஜெட்ஃபயரில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டியிருந்தது. பலர் அதை நிரப்ப மறந்தனர். 1980களில் பியூக் கிராண்ட் நேஷனல் டர்போ கார் டிராக் தடங்களில் புகழ்பெற்றது. ஆனால் அதில் இருந்தது தானியங்கி கியர் பெட்டி. காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்ற விரும்பிய, கையில் பணம் குறைந்த இளைஞர்களுக்கு வேறொரு கார் தேவைப்பட்டது.

4ஜி63 என்ஜின்

கிரைஸ்லர், மிட்சுபிஷி ஆகிய நிறுவனங்கள் கூட்டாக 1985இல் டயமண்ட்-ஸ்டார் மோட்டார்ஸை உருவாக்கின. 1990ஆம் ஆண்டுக் கார்களாக எக்லிப்ஸ், டேலன், லேசர் மூன்றும் வெளிவந்தன. நான்கு சக்கரங்களும் இயங்கும் டர்போ வகையில், ஐந்து கியர் கைப்பெட்டியுடன் 195 குதிரைத்திறன் கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே கால் மைலை 15 விநாடியை ஒட்டிய நேரத்தில் அது கடந்தது.

இதன் உயிர்நாடி 1997 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட 4ஜி63 என்ஜின். மிட்சுபிஷி நிறுவனம் இதே என்ஜினை கேலண்ட் விஆர்-4 காரில் வைத்து உலக ராலிப் போட்டிகளில் ஓட்டியது. பின்னர் லேன்சர் எவல்யூஷன் கார்களிலும் இதுவே இடம்பெற்றது. இதன் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன்களின் அடிப்பகுதியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது. அழுத்த விகிதம் 7.8 என்ற குறைந்த அளவில் இருந்ததால், டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் என்ஜின் தாங்கியது.

மாற்றங்களின் வரிசை

தொடக்கத்தில் செய்யப்பட்டவை செலவு குறைந்த மாற்றங்கள். காற்று வடிகட்டியையும் புகைக் குழாயையும் அகலமாக்கினால், டர்போ விரைவில் சுழலத் தொடங்கும். அடுத்து, டர்போ அழுத்தம் கூட்டப்பட்டது. தொழிற்சாலை அமைத்த அளவு வளிமண்டல அழுத்தத்தின் முக்கால் பங்கை ஒட்டியது. ஒரு சிறு திருகு வால்வைப் பொருத்தி இதை எளிதாக உயர்த்தலாம். இந்த எளிமையே பல என்ஜின்களுக்கு எமனாகவும் ஆயிற்று.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். சூடான காற்றும் குறைந்த எரிபொருளும் சேர்ந்தால், தீப்பொறி பரப்பும் சுடர் எட்டுவதற்கு முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். இதை 'நாக்' என்பர். சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டன் உடையலாம். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரிதாக்கப்பட்டது. முதல் தலைமுறைக் கார்களில் அது சக்கரத்துக்கு முன்னே ஓரத்தில் இருந்தது; உரிமையாளர்கள் அதை நீக்கிவிட்டு, நேரே காற்றுப் படும்படி முன்பக்க நடுவில் பெரியதொன்றை வைத்தனர். அதன்பின் பெரிய எரிபொருள் பம்பும், கூடுதலாகப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் வந்தன. இந்த வேலைகளெல்லாம் முடிந்த பிறகே பெரிய டர்போ பொருத்துவது முறை. வரிசை மாறி, எரிபொருள் ஏற்பாடு இல்லாமல் பெரிய டர்போவை வைத்தவர்கள் என்ஜினை இழந்தனர்.

பின்னாளில் எத்தனால் மிகுந்த இ85 எரிபொருள் பரவியது. இது ஆவியாகும்போது கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சுவதாலும், நாக் எளிதில் ஏற்படாததாலும், விலை உயர்ந்த பந்தயப் பெட்ரோலுக்கு ஒரு மாற்றாக அமைந்தது.

கிளட்ச் என்னும் சிக்கல்

என்ஜின் ஆற்றல் கூடியதும் சுமை கிளட்சின் மேல் விழுந்தது. நான்கு சக்கரமும் இயங்கும் காரில் டயர் எளிதில் வழுக்காது. எனவே புறப்படும்போது என்ஜினை 5000 சுற்றுகளுக்கு மேல் வைத்துக் கிளட்சை விடுவிக்க வேண்டும். மெதுவாக விட்டால் கிளட்ச் தேயும். சட்டென விட்டால் கியர் பற்களோ அச்சுத் தண்டோ முறியும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நுட்பம் ஓட்டுநரின் இடக்காலில் இருந்தது. முன்சக்கரம் மட்டும் இயங்கும் வகைகளில் சிக்கல் வேறு: புறப்படும்போது காரின் எடை பின்னால் சாய்வதால் முன் டயர்கள் பிடிப்பை இழந்து சுழலும். மென்மையான டிராக் டயர்களே அதற்கு மருந்து.

கியர் மாற்றுவதும் ஒரு சிக்கலே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகையின் ஓட்டம் குறைந்து டர்போ அழுத்தம் விழும். அடுத்த கியரில் அது மீண்டும் ஏறச் சற்று நேரமாகும். இதைத் தவிர்க்க மின்னணுக் கருவிகள் வந்தன. ஒன்று, புறப்படும் முன் என்ஜின் சுற்றைக் குறித்த அளவில் நிறுத்தி டர்போவைச் சுழல வைத்தது. மற்றொன்று, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடியே கியர் மாற்ற உதவியது. கிளட்சை மிதித்த நொடியில் பற்றவைப்பைத் துண்டித்து என்ஜினைக் காத்தது.

1992க்குப் பிந்தைய என்ஜின்களில் கிராங்க் தண்டு முன்னும் பின்னுமாக நகரத் தொடங்கி என்ஜினைப் பாழாக்கும் குறை பரவலாகப் பேசப்பட்டது. இதன் காரணம் பற்றி உரிமையாளர்களிடையே பல கருத்துகள் இருந்தன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் தண்டின் தாங்கியில் விழுகிறது என்பதால், கடினமான பந்தயக் கிளட்ச் பொருத்தியவர்கள் பெரிதும் அஞ்சினர். பலர் பழைய 'ஆறு போல்ட்' என்ஜினைத் தேடி வாங்கிப் பொருத்தினர்.

பாதுகாப்பு விதிகள்

நேரம் குறையக் குறைய விதிகள் கடுமையாகும் என்பது தேசிய ஹாட் ராட் சங்கத்தின் நடைமுறை. 13.99 விநாடி அல்லது அதற்கும் குறைந்த நேரத்தில் ஓடும் சாதாரண மூடிய கார்களுக்குத் தலைக்கவசம் தேவை. 11.49 என்ற எல்லையில் உருள்தடுப்புக் கம்பியும், 9.99 என்ற எல்லையில் முழுக் கூண்டும் ஓட்டுநர் உரிமமும் கேட்கப்பட்டன. பிற்காலத்தில் புதிய கார்களுக்குச் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன.

கிளட்ச் கொண்ட வேகமான கார்களில், சான்று பெற்ற ஃபிளைவீலும் அதைச் சுற்றித் தடித்த எஃகு உறையும் கட்டாயமாயின. ஃபிளைவீல் உடைந்தால் அதன் துண்டுகள் ஓட்டுநரின் கால்களை நோக்கியே பாயும். புகழ்பெற்ற ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் 1970இல் தம் வண்டியின் கியர் பெட்டி வெடித்து வலப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். இத்தகைய இழப்புகளின் விளைவாகவே விதிகள் வளர்ந்தன. சாலையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்த உறையும் இல்லை, கூண்டும் இல்லை, தடத்தின் முடிவில் காத்திருக்கும் மருத்துவ வண்டியும் இல்லை. எதிரே வருபவர் எந்தத் தவறும் செய்யாதவர்.

திரைப்படமும் பின்விளைவும்

2001இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படத்தில் கதைநாயகன் ஓட்டும் பச்சை நிற எக்லிப்ஸ், இக்கார்களை உலகெங்கும் அறியச் செய்தது. அதே ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கம் சிறிய கார்களுக்கெனத் தனிப் போட்டித் தொடரைத் தொடங்கியது. ஆனால் படம் காட்டியது சாலைப் பந்தயத்தை. அரை நூற்றாண்டுக்கு முன் வாலி பார்க்ஸ் எதைச் சாலையிலிருந்து அகற்ற முயன்றாரோ, அதுவே மீண்டும் கவர்ச்சி பெற்றது.

இன்றைய நிலை

ஈகிள் டேலன் 1998இல் நின்றது. 2000ஆம் ஆண்டு எக்லிப்ஸில் டர்போவும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. எஞ்சியுள்ள பழைய கார்களை ஆர்வலர்கள் இன்றும் பேணி ஓட்டுகின்றனர். எனினும் மிகக் குறைந்த நேரத்தை நாடுவோரில் பலர் தானியங்கிக் கியர் பெட்டிக்கு மாறிவிட்டனர். அதில் கியர் மாறும்போதும் ஆற்றல் அறுபடுவதில்லை. டர்போ அழுத்தமும் விழுவதில்லை.

நார்மல் தொழிற்சாலையில் மிட்சுபிஷி நிறுவனம் 2015இல் உற்பத்தியை நிறுத்தியது. 2017இல் அதை வாங்கிய ரிவியன் நிறுவனம், 2021 முதல் அங்கு மின்சார வண்டிகளைத் தயாரித்து வருகிறது. அவற்றில் டர்போ, கிளட்ச், கியர் மாற்றும் கைப்பிடி ஆகிய எதுவும் இல்லை. ஆனாலும், இளைஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து எட்டிய புறப்பாட்டு வேகத்தை, அவற்றுள் ஆற்றல் மிக்கவை எந்த மாற்றமும் இன்றியே எட்டுகின்றன. எனவே சாலையில் ஓட்டுவதா, தடத்தில் ஓட்டுவதா என்ற பழைய கேள்வி, இன்று புதிய வண்டியை வாங்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது.