புள்ளிகளில் ஊருக்குப் போதல்: மளிகைச் செலவிலிருந்து விமான ரிக்கெற் வரை

கடந்த வருடம் கிளிநொச்சியில் என் பெரியம்மா காலமானபோது, ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய மகனுக்கு நள்ளிரவு. உடலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நாங்கள் இங்கே கேட்டுக்கொண்டிருக்க, அண்ணா அங்கே ரிக்கெற் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கொடுப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கடன் வாங்கித்தான் வந்தார். அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள், கைப்பேசியில் ஒரு பழைய மின்னஞ்சலைக் காட்டினார். ஒரு விமான நிறுவனத்தின் கணக்கில் அவருக்கு இருந்த தொண்ணூறாயிரம் புள்ளிகளும் நான்கு மாதங்களுக்கு முன்னர் காலாவதியாகியிருந்தன. கணக்கில் நீண்ட காலம் எந்த அசைவும் இல்லை என்பதுதான் காரணம். அப்படி ஒரு கணக்கு இருப்பதையே அவர் மறந்திருந்தார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் குடும்பங்கள் பல இப்படித்தான். வங்கியில் கடனட்டை எடுக்கும்போது புள்ளிகள் என்று ஏதோ சொன்னார்கள், கையெழுத்து வைத்தோம், மறந்துவிட்டோம். வேறு சிலர் மறுபக்கம் போய், புள்ளிக்காகவே செலவழித்து வட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது.

புள்ளி எங்கிருந்து வருகிறது

1981 மே 1 அன்று அமெரிக்கன் எயார்லைன்ஸ் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டந்தான் இன்றைய முறைக்கு முன்னோடி. எயார் கனடாவின் ஏரோபிளான் 1984இல் வந்தது. பிரித்தானியாவில் 1988இல் தொடங்கிய ‘எயார் மைல்ஸ்’ 2011இல் ‘அவியோஸ்’ ஆனது. ஆரம்பத்தில் பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். இப்போது விமான நிறுவனங்கள் புள்ளிகளை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கின்றன. வங்கி அவற்றைத் தன் அட்டை வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது.

அந்தக் காசை வங்கிக்கு யார் கொடுக்கிறார்கள்? பெரும்பகுதி கடைக்காரர். நீங்கள் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் கடையின் வருமானத்திலிருந்து ஒரு வீதம் கழிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் சட்டம் போட்டு, தனியாள் கடனட்டைக்கு வங்கிகள் தமக்குள் அறவிடும் கட்டணத்தை 0.3 வீதத்துக்கு மேல் போகவிடாமல் தடுத்தது. ஐரோப்பாவில் இருக்கும் உறவுகளுக்கு அட்டைப் புள்ளிகள் குறைவாகவும் கனடாவில் தாராளமாகவும் கிடைப்பதற்கு முக்கிய காரணம் இது. ஸ்காபரோவிலோ மிசிசாகாவிலோ மரக்கறிக் கடை வைத்திருக்கும் எங்களுடைய ஆட்களைக் கேட்டால் இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். அவர்கள் அதைப் பொருளின் விலையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே நேற்று வந்திறங்கி, இன்னும் அட்டை கிடைக்காமல் காசு கொடுத்து அரிசி வாங்குபவரும் மற்றவருடைய புள்ளிக்குச் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இதில் எனக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு.

கனடாவில் 2022 ஒக்டோபரிலிருந்து, கடனட்டையில் கட்டுபவரிடம் 2.4 வீதம் வரை மேலதிகமாக அறவிடக் கடைகளுக்கு அனுமதி இருக்கிறது. நகைக் கடையோ மண்டபமோ அப்படிக் கேட்டால் டெபிட்டில் கொடுங்கள். உங்கள் புள்ளி அநேகமாக அந்த 2.4 வீதத்தைத் திருப்பித் தராது.

கனடா: மளிகையால் மட்டும் பறக்க முடியாது

ஏரோபிளான் அட்டைகளில் பரவலானது விசா இன்ஃபினிட் வகை. ஆண்டுக் கட்டணம் 139 டொலர். தனிநபர் வருமானம் 60,000 டொலரோ குடும்ப வருமானம் 100,000 டொலரோ கேட்பார்கள். மளிகைக்கும் பெற்றோலுக்கும் ஒரு டொலருக்கு 1.5 புள்ளி தரும் அட்டையில் மாதம் 1,000 டொலர் செலவழித்தால், வருடத்துக்கு 18,000 புள்ளி. ரொறொன்ரோவிலிருந்து கொழும்புக்கு ஒருவழிக்கே ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் வேண்டும். பல வருடம் அரிசி பருப்பு வாங்கினால்தான் ஒருவர் ஒரு பக்கம் போகலாம்.

இன்னொரு சிக்கல். எங்கள் சனம் வார இறுதியில் குவியும் கொஸ்கோவில் கனடாவைப் பொறுத்தவரை மாஸ்டர்கார்ட் மட்டும்தான் செல்லும். ஏரோபிளான் அட்டைகள் விசாவும் அமெக்ஸும். மாதத்தின் மிகப்பெரிய மளிகைச் செலவு இந்தக் கணக்கில் வராமலே போகலாம்.

உண்மையான புள்ளிகள் வரவேற்புச் சலுகையில் இருக்கின்றன. புதிய அட்டை எடுத்து, முதல் மூன்று மாதங்களுக்குள் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் பத்தாயிரக் கணக்கில் கிடைக்கும். இதற்காகத் தேவையில்லாத சோபா வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் அதற்கு அவசியமே இல்லை. சாமத்திய வீடு, கல்யாணம், வாகனக் காப்புறுதி என்று பெரிய செலவுகள் எப்படியும் வரும். காசு ஏற்கெனவே வங்கியில் இருந்தால், அந்தச் செலவுக்குச் சற்று முன்னர் அட்டையை எடுத்து, அதிலே கட்டி, பில் வந்தவுடன் முழுவதையும் அடைத்துவிடலாம். மண்டபக்காரர் காசாகத் தந்தால் வரியில்லை என்று சொல்லக்கூடும். ஒன்ராறியோவில் அந்த வரி 13 வீதம் என்பதால் பலருடைய புள்ளிக் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அது சட்டப்படி சரியா என்பது வேறு கட்டுரை.

ஏரோபிளானில் எட்டுப் பேர் வரை குடும்பமாகச் சேர்ந்து புள்ளிகளை ஒன்றாக்கலாம். கட்டணம் இல்லை. அப்பாவிடம் பன்னிரண்டாயிரம், அம்மாவிடம் ஒன்பதாயிரம், மகளிடம் இருபதாயிரம் என்று சிதறிக் கிடப்பவை ஒரு ரிக்கெற்றாக மாறும் இடம் இதுதான். பதினெட்டு மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளிகள் போய்விடும். ஏரோபிளான் கடனட்டை கையில் இருக்கும்வரை அந்தப் பயம் இல்லை. இல்லாதவர்கள் திட்டத்தின் இணையக் கடை வழியாக ஏதாவது ஒரு சிறிய பொருளை வாங்கினாலும் கணக்கு மீண்டும் உயிர்பெறும்.

பிரித்தானியாவும் ஐரோப்பாவும்

இலண்டனில் செயின்ஸ்பரிஸ் போகும் குடும்பங்கள் நெக்டர் அட்டையை அவியோஸ் கணக்குடன் இணைக்கலாம். ஒரு பவுணுக்கு ஒரு நெக்டர் புள்ளி. 400 நெக்டர், 250 அவியோஸ் ஆகும். அதே 400 நெக்டரைக் கடையிலேயே கழித்தால் 2 பவுண். மாதம் 400 பவுண் சாமான் வாங்கினால் வருடத்துக்கு 3,000 அவியோஸ். கொழும்புப் பயணமோ பல பத்தாயிரம் கேட்கும். ஆகவே நெக்டரை மட்டும் நம்ப முடியாது. பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் ஆண்டுக் கட்டணமில்லாத அமெக்ஸ் அட்டை ஒரு பவுணுக்கு 1 அவியோஸ் தருகிறது. ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ சிறிய தமிழ்க் கடைகள் பலவற்றில் அமெக்ஸ் எடுக்க மாட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவியோஸின் நல்ல பக்கம், 2022இலிருந்து கட்டார் எயார்வேய்ஸும் அதே நாணயத்தைப் பயன்படுத்துவது. டோகா வழியாகக் கட்டுநாயக்கவுக்கு ஒரு நாளில் பல சேவைகள் உண்டு. 2014 மே முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் நேரடி இலண்டன் சேவைக்கும் அவியோஸ் செல்லும். ஆனால் ‘இலவச’ ரிக்கெற் என்ற சொல்லை நம்ப வேண்டாம். வரியும் நிறுவனக் கட்டணமும் கையிலிருந்துதான் போகும். போய்வர அது இருநூறு பவுணைத் தாண்டலாம். சாதாரண வகுப்பில் போகும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிரித்தானிய விமானப் பயண வரி இல்லை என்பது குடும்பங்களுக்குச் சிறிய ஆறுதல். மூன்று வருடம் அசைவில்லாமல் கிடந்தால் அவியோஸும் காலாவதியாகும்.

ஜேர்மனியில் ‘பேபேக்’ புள்ளிகளை லுஃப்தான்சாவின் ‘மைல்ஸ் அன்ட் மோர்’ மைல்களாக மாற்றலாம்.

வட்டி, உண்டியல், சீட்டு

கனடாவில் கடனட்டை வட்டி வருடத்துக்கு 20 வீதத்தைச் சுற்றி இருக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1.7 வீதம். ஒரு டொலர் செலவுக்குக் கிடைக்கும் புள்ளியின் பெறுமதி ஒன்றிலிருந்து இரண்டு சதம். பில்லை ஒரே ஒரு மாதம் முழுதாகக் கட்டாமல் விட்டாலே சேர்த்தது கரைந்துவிடும். ஏற்கெனவே அட்டையில் பாக்கி இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் அதை அடைக்க வேண்டும். இலங்கையில் நிலைமை இன்னும் கடுமை. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வைத்த உச்ச வரம்பே 28 வீதம். நுண்கடனில் வடக்கு கிழக்கு பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஊருக்குக் காசு அனுப்புவதைக் கடனட்டையில் செய்தால் புள்ளி கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான வங்கிகள் அதை அட்டையிலிருந்து காசு எடுத்ததாகவே கணக்கிடும். புள்ளி கிடையாது. தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும். சீட்டுக் கட்டுவதற்கு அட்டையில் காசு எடுப்பதும் இதே கதைதான்.

பயன்படுத்தும்போது

ஒரு ரிக்கெற்றுக்குப் புள்ளி கொடுப்பதா காசு கொடுப்பதா என்பதற்கு ஒரு எளிய கணக்கு. காசு விலையிலிருந்து, புள்ளி ரிக்கெற்றுக்கும் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மீதியைப் புள்ளிகளால் வகுங்கள். உதாரணத்துக்கு ரிக்கெற் 1,600 டொலர். புள்ளியில் எடுத்தால் 100,000 புள்ளியும் 200 டொலர் வரியும் என்று வைப்போம். ஒரு புள்ளிக்கு 1.4 சதம். பரவாயில்லை என்று சொல்லலாம். நாளைக்கே புறப்பட வேண்டிய செத்தவீட்டுப் பயணத்தில் அதே ஆசனம் 3,000 டொலர் என்றால், அதே புள்ளி 2.8 சதம் பெறும். ஏரோபிளான் பல பங்காளி விமானங்களுக்குத் தூரத்தை வைத்து நிலையான அளவில் புள்ளி கேட்பதால், காசு விலை ஏறும்போது புள்ளி விலை அதேபோல ஏறுவதில்லை. விற்காத ஆசனங்களைக் கடைசி நாட்களில் புள்ளிக்குத் திறந்துவிடும் நிறுவனங்களும் உண்டு. உறுதி இல்லை, ஆனால் தேடிப் பார்க்கலாம். இதனால்தான், வயதான பெற்றோர் ஊரில் இருக்கும் ஒருவர் ஓர் ஆளுக்குப் போய்வரப் போதிய புள்ளிகளைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது என்று நான் சொல்வேன். அதற்கு மேல் சேர்வதை வைத்திருக்காதீர்கள். நிறுவனங்கள் கேட்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போகின்றன. புள்ளிக்கு வட்டியும் கிடையாது.

பலாலிக்கே இறங்கலாமா? சென்னையிலிருந்து இன்டிகோ 2024 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கிறது. ஏரோபிளான் புள்ளியில் எயார் இந்தியா மூலம் சென்னை வரை வந்து, அங்கிருந்து தனி ரிக்கெற் எடுக்கலாம். அப்படிச் செய்தால் பொதியைச் சென்னையில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய வீசா தேவை. சிறிய விமானத்தில் பொதி எடை வரம்பும் குறைவு. அரிசிமாவும் மிளகாய்த்தூளும் கொண்டு திரும்புபவர்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமையுடன், இன்னும் குடியுரிமை எடுக்காமல் இருப்பவர்கள் இலங்கைக்குப் போனால், 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி அந்த வதிவுரிமையையே இழக்கும் ஆபத்து இருக்கிறது. சுவிஸில் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்குத் தாய்நாட்டுப் பயணம் தடை. ரிக்கெற் காசில் எடுத்ததா புள்ளியில் எடுத்ததா என்பது அங்கே பொருட்டல்ல. குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் எதையும் பதிய வேண்டாம்.

பெயர்களில் கவனம் தேவை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஓரிடத்தில், சொந்தப் பெயர் இன்னோரிடத்தில் என்று இருக்கும். புள்ளிக் கணக்கில் வேறு மாதிரி எழுதினால் பறந்த மைல்கள் ஏறாது. கணக்கைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே திறக்க வேண்டும். தமிழ் முகவரிடம் ரிக்கெற் எடுக்கும்போது உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, அந்த வகை ரிக்கெற்றுக்கு மைல் உண்டா என்று கேளுங்கள். மலிவான சில வகைகளுக்கு ஒன்றுமே கிடையாது. விமானத்தில் ஏறும் அட்டையை, மைல்கள் கணக்கில் விழும்வரை எறிய வேண்டாம். யாரோ ஒருவரின் புள்ளிகளை மலிவாக விற்பதாகச் சொல்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். விற்பது விதிமீறல். பயணத்துக்கு முதல் நாள் ரிக்கெற் ரத்தானால் கேட்க நாதியில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ‘ஃபிளைஸ்மைல்ஸ்’ இருக்கிறது. கட்டார், மலேசியன் போன்ற கூட்டணி விமானங்களில் பறந்தாலும் அதில் மைல் சேரும். ஆனால் வன்னியில் அன்றாடச் செலவு பெரும்பாலும் காசில்தான் நடக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போகும் பெற்றோர் இதற்காகக் கடனட்டை எடுப்பதில் அர்த்தமில்லை. பிள்ளைகள் தங்கள் புள்ளியில் பெற்றோருக்கு ரிக்கெற் எடுக்கலாம். பிரிட்டிஷ் எயார்வேய்ஸில் வீட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள், பெற்றோரின் பெயரை முன்கூட்டியே பட்டியலில் சேர்த்திருந்தால்தான் அது முடியும்.

அண்ணா இப்போது மனைவி, மாமி, மூத்த மகள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறார். பெரியம்மாவின் ஆட்டைத் திவசம் ஜூலையில் வருகிறது. பாடசாலை விடுமுறை என்பதால் புள்ளி ஆசனங்கள் குறைவு. ஒன்று கிடைத்திருக்கிறது, இஸ்தான்புல் வழியாக. இரண்டாவதை ஒவ்வொரு இரவும் தேடிக்கொண்டிருக்கிறார்.