படுக்கையருகே ஒரு வருணாசிரமம்

"அயல்நாட்டுத் தாதியர் வந்து நம் பெண்களின் வேலையைப் பறிக்கின்றனர்!" இங்கிலாந்தில் அவ்வப்போது எழும் கூக்குரல் இது. "அவர்கள் இல்லையேல் மருத்துவமனைகள் நடவா!" இது மறுதரப்பின் விடை. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் இந்த வழக்கில், இரு தரப்பாரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு. தாதியர் பஞ்சம் ஏன் வந்தது? யாரால் வந்தது? அதனை ஆராய்ந்தால்தான், அயலாள், உள்ளூராள் என்னும் பிரிவினை எவர்க்குப் பயன்பட்டது என்பது விளங்கும்.

1854ஆம் ஆண்டு. கிரைமியப் போரில் காயமுற்ற வீரர்க்குப் பணிபுரியத் தாதியரைத் திரட்டினர் இலண்டனில். ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல், காலராவோடும் மஞ்சள் காய்ச்சலோடும் போராடிப் பழகிய பெண்மணி, போர்த்துறையின் வாயிலில் வந்து நின்றார். ஏற்க மறுத்தனர். தம் நிறமே தடையாயிற்றோ என்ற ஐயத்தை 1857இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதினார். ஆயினும் சோர்ந்தாரில்லை. சொந்தச் செலவில் கடல் கடந்து, போர்முனைக்கு அருகே விடுதி அமைத்து வீரர்க்குத் தொண்டாற்றினார். இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது எப்போது தெரியுமா? 2016இல்!

1930களிலும் நிலை மாறவில்லை. கறுப்பினப் பெண்களைத் தாதிப் பயிற்சிக்குச் சேர்க்கப் பல மருத்துவமனைகள் மறுத்தன. "நோயாளிகள் விரும்பமாட்டார்கள்" என்று காரணம் கூறினர். டாக்டர் ஹெரால்டு மூடி 1931இல் இலண்டனில் தோற்றுவித்த வெள்ளையரல்லாதார் சங்கம் இந்தத் தடையை எதிர்த்துப் போராடியது. ஆனால் தடையைத் தளர்த்தியது அறவுணர்ச்சி அன்று, ஆள் பஞ்சம்!

1948 சூலை 5ஆம் நாள் தேசிய நலவாழ்வுத் துறை பிறந்தது. ஏழைக்கும் செல்வனுக்கும் கட்டணமின்றி ஒரே மருத்துவம் என்னும் அரும்பெரும் திட்டம் அது. அதனை நிறைவேற்றிய அமைச்சர் அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் சுரங்கத்தில் உழைத்தவர். கட்டிடம் இருந்தது, கட்டில் இருந்தது, கட்டிலருகே நிற்கத் தாதியர் போதவில்லை. ஏன்? அதற்கு முந்திய ஆண்டே அரசு அமைத்த குழு விடை கூறியிருந்தது. பயிற்சிக்கு வந்த பெண்கள் பெருமளவில் பாதியிலேயே விலகினர். சிறைக்கூடம் போன்ற கட்டுப்பாடு, மாணவி என்ற பெயரில் மலிவு உழைப்பு: இவற்றைச் சகியாமல் சென்றனர். அலுவலகமும் தொழிற்சாலையும் அழைக்கும்போது, அரைக்கூலிக்கு அடக்குமுறையை ஏற்க எந்தப் பெண்தான் இசைவாள்?

அரசின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஊதியத்தை உயர்த்தி, மாணவியை மாணவியாக நடத்தி, உள்ளூர்ப் பெண்கள் விரும்பும் தொழிலாக இதனை ஆக்குவது ஒன்று. இருக்கும் நிலையைச் சகித்துக்கொள்ளக் கூடியவர்களைத் தேடிப் பிடிப்பது மற்றொன்று. முதல் வழிக்குப் பணம் வேண்டும். ஆகவே இரண்டாம் வழியையே பெரிதும் நாடினர். அயர்லாந்திலிருந்து ஆள் திரட்டினர். 1949 முதல் கரீபியத் தீவுகளில் ஆள் எடுக்கும் முயற்சி தொடங்கியது. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் பெண்கள் கப்பலேறினர்.

வந்தவர்களை எவ்வாறு நடத்தினர்? இங்கேதான் நமக்குப் பழக்கமான காட்சி ஒன்று தோன்றுகிறது.

1943ஆம் ஆண்டுச் சட்டம் தாதியரில் ஒரு கீழ்ப்படியை உண்டாக்கியிருந்தது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் பதிவுபெற்ற தாதி. பதவி உயர்வுக்கு உரியவர். ஈராண்டுப் பயிற்சி பெற்றவர் துணைத்தாதி. 1961க்குப் பின் பெயர் மாறியது, படி மாறவில்லை. மேற்படிக்குத் தகுதி பெற்றிருந்த கறுப்பினப் பெண்கள் பலரையும், வேறுபாட்டை விளக்காமலே கீழ்ப்படியில் சேர்த்தனர். முதியோர் பிரிவு, மனநோய் மருத்துவமனை, இரவுப் பணி ஆகியவை அவர்கள் பங்குக்கு வந்தன. அந்தச் சான்றிதழ் தாயகத்தில் செல்லுபடியாகாது என்பதைப் பலர் காலங்கடந்தே அறிந்தனர். மனு எழுதாத மனுநீதி இது! பிறப்பைக் கொண்டு படியை வகுப்பது, படியைக் கொண்டு பணியை வகுப்பது, அந்தப் பணியைக் காட்டியே "இவள் இதற்குத்தான் ஏற்றவள்" என்று கூறுவது: வருணாசிரமம் என்பது வேறென்ன?

1962இல் தாதியர் ஊதிய உயர்வு கேட்டனர். நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் இல்லை என்றது அரசு. அப்போது நலவாழ்வு அமைச்சர் ஈனாக் பவல். அவர் பதவியிலிருந்த 1960 முதல் 1963 வரை, குடியேறிய பெண்களின் உழைப்பைக் கொண்டே பல மருத்துவமனைகள் இயங்கின. அதே பவல், 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காமில் குடியேற்றத்தை எதிர்த்து நஞ்சு கக்கினார். புண்ணைக் கழுவக் கறுப்புக் கரம் வேண்டும். அக்கரத்துக்கு உரியவள் அண்டை வீட்டில் வாழக் கூடாது! நெல்லுக்குத் தீட்டில்லை, விளைத்தவனுக்கு மட்டும் தீட்டு என்ற ஊரில் பிறந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

"எல்லாம் சரி, அயலார் வருகையால் உள்ளூர்த் தாதியின் ஊதியம் உயராமற் போகிறதே" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. குறைந்த படியில், குறைந்த உரிமையோடு, அனுமதிச் சீட்டால் ஒரே முதலாளியிடம் கட்டுண்ட ஒருத்தி கிடைக்கும்போது, மற்றவளின் பேரம் தளரவே செய்யும். ஆனால் அந்தத் தளர்ச்சிக்குக் காரணம் அவள் பிறந்த நாடன்று. அவளுக்கு மறுக்கப்பட்ட உரிமை. சமமான படியும் சமமான ஊதியமும் வேலை மாறும் உரிமையும் பெற்றவளை எவரும் மலிவுச் சரக்காக்க முடியாது. ஆகவே அயலாளுக்கு உரிமை கேட்பது, உள்ளூராளின் கூலியைக் காப்பதும் ஆகும்.

கதவைத் திறப்பதும் மூடுவதும் ஆள்வோரின் வசதிக்கே என்பதற்கு அண்மை வரலாறும் சான்று. 2001-02இல் புதிதாகப் பதிவு பெற்ற தாதியரில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பயின்றவர்கள். 2006இல் மருத்துவமனைகளில் நிதிப் பற்றாக்குறை. படித்து முடித்த உள்ளூர்ப் பெண்கள் வேலைக்கு அலைந்தனர். உடனே தொடக்கநிலைத் தாதியர் பணி, பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2015இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2017இல் மாணவியர் உதவித்தொகையை நிறுத்திக் கடன் வாங்கிப் படிக்கச் சொன்னார்கள். 2020இல் ஓரளவு மானியம் திரும்பியது. 2025இல், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2035க்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைப்போம் என்று அறிவித்தனர். திட்டமிட்டுப் பயிற்றாதவர் ஆள்வோர். பழி சுமப்பவளோ தாதி!

இழப்பு இன்னொரு பக்கமும் உண்டு. ஏழை நாடு செலவிட்டுப் பயிற்றுகிறது. செல்வ நாடு கொண்டு செல்கிறது. தென்னாப்பிரிக்கத் தாதியரைத் திரட்டுவதை நிறுத்துமாறு 1997இல் நெல்சன் மண்டேலா வேண்டினார். 2001இல் பிரிட்டன் நெறிமுறை வகுத்தது. 2010இல் உலகச் சுகாதாரப் பேரவையும் நெறிமுறை ஒன்றை ஏற்றது. ஆனால் நெறிமுறையின் பெயரால், வெளியேற விரும்பும் பெண்ணைப் பூட்டி வைப்பதும் நீதியாகாது. ஊரிலேயே வாழத்தக்க ஊதியம் தருவதே நேர்வழி.

நம் நாடு மட்டும் தூயதோ? 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு தாதி என்று கணக்கிட்டது. பிறர் உடலைத் தொடுவதும் மலம் அள்ளுவதும் இழிதொழில் என்ற சாதி நினைப்பு, பெண்களை இப்பணியிலிருந்து விலக்கியதில் பெரும்பங்கு கொண்டது. அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாது முன்வந்தவர்களுள் கேரளத்துக் கிறித்தவப் பெண்கள் முதன்மையானவர்கள். இன்று உலகமே அவர்களை நாடுகிறது.

இளைஞர்களே! "அயலாளா, உள்ளூராளா?" என்று எவரேனும் வினவினால், அந்த வலையில் சிக்காதீர்கள். ஊதியம் எவ்வளவு? படியை வகுத்தவர் யார்? பயிற்சிக்குப் பணம் தர மறுத்தவர் யார்? இவற்றைக் கேளுங்கள். நோயாளியின் நாடி பிடிக்கும் விரலுக்கு வேண்டியது திறமை. அந்த விரலுக்கு உரியவளுக்கு வேண்டியது சமத்துவம். இரண்டையும் பிறப்பிடம் கேட்டு அளப்பவர், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், மனுவின் மாணாக்கரே!