தலைவலி வகைகளும் அவை அறியப்பட்ட வரலாறும்

தலைவலி ஒரே நோய் அன்று. வெவ்வேறு காரணங்களால் தோன்றும் பல நோய்களுக்கு அது பொதுவான அறிகுறி. அடிக்கடி வரும் தலைவலிகளில் பெரும்பாலானவற்றின் வகையை ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ காட்டுவதில்லை. எந்தப் பக்கம், எப்படி, எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று நோயாளி சொல்வதைக் கொண்டே வகை பிரிக்கப்படுகிறது. பழங்கால மருத்துவர்கள் பின்பற்றியதும் இந்த வழியைத்தான்.

பழைய மருத்துவ நூல்களில்

சுசுருத சம்கிதை தலைநோய்களை 11 ஆகப் பிரிக்கிறது. அவற்றுள் 'அர்த்தாவபேதகம்' தலையின் ஒரு பாதியில் வரும் வலி. 'சூரியாவர்த்தம்' சூரியன் ஏற ஏறக் கூடி, இறங்கும்போது தணிவது. 'சங்ககம்' நெற்றிப்பொட்டில் தோன்றி உயிருக்கே ஆபத்தாவது. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் நாகமுனிவர் பெயரால் வழங்கும் 'தலைநோய் மருத்துவம்' என்ற தனி நூல் உள்ளது. ஒற்றைத் தலைவலி, மண்டையிடி, தலைபாரம் ஆகிய பேச்சுவழக்குச் சொற்களும் ஒருவகையில் வகைப்பாடே.

பொ.ஊ. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் ஒருபக்க வலியை 'எமிக்ரானியா' (அரைமண்டை) என்றார். 'மைக்ரேன்' என்ற சொல் அதிலிருந்து பிறந்தது.

நவீன வகைப்பாடு

நாட்டுக்கு நாடு வேறுபட்ட வரையறைகளை ஒழுங்குபடுத்த, சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988இல் பொதுவான வகைப்பாட்டை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. வேறு நோயின்றித் தானே தோன்றுபவை முதல்நிலைத் தலைவலிகள். வேறொரு காரணத்தால் வருபவை இரண்டாம் நிலைத் தலைவலிகள். முக்கிய வகைகள்:

- ஒற்றைத் தலைவலி: சிகிச்சை இல்லாவிடில் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், துடிப்பது போன்ற வலி. குமட்டல் இருக்கலாம், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. நடந்தால் வலி கூடும்.
- இறுக்கத் தலைவலி: 30 நிமிடம் முதல் 7 நாள் வரை. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இருபுறமும் வலிக்கும். வாந்தி இராது, வேலையைத் தொடர முடியும்.
- கொத்துத் தலைவலி: கண்ணைச் சுற்றி 15 முதல் 180 நிமிடம் வரை கடும் வலி. அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடியும். நோயாளியால் ஓரிடத்தில் இருக்க முடியாது.
- மாத்திரைத் தலைவலி: அடிக்கடி தலைவலி உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்பதால் வருவது. இது இரண்டாம் நிலை வகை.

திருப்பூர்த் தொழிலாளரிடையே

திருப்பூரில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கும் காலத்தில் 12 மணி நேர 'ஒன்றரை ஷிப்ட்' வழக்கம். காலை உணவைத் தவிர்ப்பது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, தூக்கக் குறைவு, கூசும் வெளிச்சம் ஆகியவை ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியவை. தையல் இயந்திரத்தின் முன் கழுத்தைக் குனிந்தே இருப்பது கழுத்து, தோள் தசைகளை இறுக்கித் தலைவலிக்கு வழிவகுக்கும். ஆகவே ஒரே பனியன் கம்பெனியில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவரின் தலைவலி வெவ்வேறு வகையாக இருக்கலாம். இருவரும் 'தலைவலி' என்று மட்டும் சொல்லி மருந்துக்கடையில் ஒரே மாத்திரையை வாங்கினால் வகை தெரியாமலே போகும். பீஸ் ரேட்டில் தைப்பவர் கூலி குறையாமலிருக்க நாள்தோறும் மாத்திரை போட்டால், அதுவே அடுத்த தலைவலிக்குக் காரணமாகலாம்.

எச்சரிக்கை அறிகுறிகள்

இதுவரை இல்லாத கடும் வலி திடீரெனத் தாக்குதல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் கூடும் வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 50 வயதுக்கு மேற்பட்டோருக்கும் புதிதாக வரும் தலைவலியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றபடி அடிக்கடி தலைவலி வருபவர் வலித்த நாள், நேரம், பக்கம், உணவு, தூக்கம், எடுத்த மாத்திரை ஆகியவற்றை எழுதி வைப்பது நல்லது. வகையைக் கண்டறிய மருத்துவருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும்.