தரைதட்டுதல்

தரை + தட்டு: ஆழம் குறைந்த இடத்தில் கப்பலின் அடிப்பாகம் கடலடி மண்ணிலோ பாறையிலோ மோதி, நகர முடியாமல் நிற்றல்.

‘தட்டு’ என்ற வினை மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் உண்டு. கால் தட்டியது என்கிறோமே, எண்ணாமல் இடறும் அந்தப் பொருளே இங்கும். ஆகவே தரைதட்டுதல் விபத்து. அலை கொண்டுவந்து சேர்ப்பது ‘கரையொதுங்குதல்’. ஆயுள் முடிந்த கப்பலைக் குஜராத்தின் அலங் கடற்கரையில், ஓதம் உயரும் நேரம் பார்த்து, உடைப்பதற்காக வேண்டுமென்றே மணலில் ஏற்றுவது ‘கரையேற்றுதல்’.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று நங்கூரம் நிலைகொள்ளாமல் இழுபட்ட ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல், சென்னை பெசன்ட் நகர்க் கரையருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர், படகு கவிழ்ந்து மாண்டனர். நவம்பர் 11 அன்று இழுவைக் கப்பல் வடம் பூட்டி எண்ணெய்க் கப்பலை ஆழத்துக்கு இழுத்தது.

தரைதட்டிய கப்பலை மீட்க ஓதமும் வடமும் இழுவைக் கப்பலோரின் பொறுமையும் வேண்டும். செய்தி எழுதுவோர் தரைதட்டுதல், கரையொதுங்குதல், கரையேற்றுதல் என்ற மூன்று சொற்களையும் வேறுபடுத்தியே ஆள வேண்டும். நேர்ந்தது விபத்தா, முடிவா என்பதை அவையே சொல்கின்றன.