வெந்நீரின் வழி

தீயும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பது பொதுவழக்கு. ஆயினும், இவ்விரண்டையும் ஒரு கலத்தில் கூட்டிவைத்து வீட்டு வேலை வாங்க மனிதன் கற்றுக்கொண்டான். அவன் எவ்வாறு கற்றான் என்பதை ஆராயத் தொடங்குவதற்குத் திருவண்ணாமலை தக்கதோர் ஊராகும். ஐம்பூதத் தலங்களுள் தீயின் தலமாகப் போற்றப்படுவது அவ்வூர். கார்த்திகைத் திருநாளில் அதன் மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றப்படுவதை நாடறியும். அம்மலையே நீரையும் தருகிறது. மலைச்சரிவில் முலைப்பால் தீர்த்தம் இருக்கிறது. கந்தாசிரமத்தருகே சுனைநீர் ஊறுகிறது. திருக்கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் உள்ளன. சிவகங்கைத் தீர்த்தமும் அதனருகேயுள்ள ஆயிரக்கால் மண்டபமும், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் செய்வித்த திருப்பணிகள்.

குளமும் கிணறும் தந்த நீர் குளிர்ந்த நீரே. கார்த்திகை, மார்கழி மாதங்களின் விடியற்பொழுதில் முதியோருக்கும் குழந்தைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் வெந்நீர் வேண்டும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க, வீட்டில் உள்ள அனைவருக்கும் வேண்டும். பழங்காலத்தில் இதற்கு உதவியவை வெந்நீர் அடுப்பும் தவலையும் அண்டாவுமே. அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கவாட்டில் சென்று வீணாயிற்று. விறகு மிகுதியாகச் செலவழிந்தது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே செம்பினால் செய்த வெந்நீர் பாய்லர். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றின் குளியலறையில் அது இடம்பெற்றிருந்தது. அதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். உருளை வடிவான செப்புக் கலம். அதன் நடுவே கீழிருந்து மேல்வரை செல்லும் ஒரு நெருப்புக் குழாய். அடியில் உள்ள தட்டில் கரியோ விறகுச் சில்லோ எரியும்; புகை நடுக்குழாய் வழியே மேலேறி வெளிச்செல்லும். நெருப்பைச் சுற்றி நாற்புறமும் நீர் நிற்பதால் வெப்பத்தின் பெரும்பகுதி நீருக்கே சேரும். உருசிய நாட்டார் தேநீருக்கு வைத்துக்கொள்ளும் சமோவார் என்னும் கலமும் இதே முறையில் அமைந்ததாகும்.

இதில் வியக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. ஒருவகைப் பாய்லரில், மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு குளிர்ந்த நீரை ஊற்றினால், மறுபுறத்து மூக்கு வழியே ஏறத்தாழ ஒரு செம்பு வெந்நீர் வெளிவரும். புனலிலிருந்து இறங்கும் குழாய், குளிர்ந்த நீரைக் கலத்தின் அடியில் கொண்டு சேர்க்கிறது. குளிர்ந்த நீர் கனமானது. அது கீழே தங்குகிறது. சூடான நீர் இலேசானது. அது மேலே நிற்கிறது. ஆகவே, புதிதாக வந்த நீர், முன்பிருந்த வெந்நீரை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. இவ்வேலைக்கு இயந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. குழாய் சரியான இடத்தில் தொடங்கிச் சரியான இடத்தில் முடிந்தால் போதும்.

இதே உண்மையைக் கொண்டுதான் குளிர்நாட்டு மக்கள் தங்கள் வீடுகளையே வெந்நீரால் சூடேற்றினர். 1716ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மார்ட்டன் டிரீவால்டு என்பவர், இங்கிலாந்தின் நியூகாசிலில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்றை வெந்நீர்க் குழாய்களால் வெதுவெதுப்பாக்கினார். 1777இல் பாரிசு நகரை அடுத்த ஓரிடத்தில் பொன்மேன் என்னும் பிரெஞ்சுக்காரர், கோழிமுட்டைகளை அடைவைத்துக் குஞ்சு பொரிக்க இம்முறையைக் கையாண்டார். கீழே கொதிகலம், மேலே அறைகள். சூடேறிய நீர் ஒரு குழாய் வழியே மேலேறி, அறைகளுக்கு வெப்பத்தைத் தந்து, குளிர்ந்து கனத்து, மற்றொரு குழாய் வழியே மீண்டும் கொதிகலத்தை அடைந்தது.

கேட்பதற்கு எளிதாயினும், குழாய் பதிப்பதில் நுட்பம் மிகுதி. முதலாவது, குழாய்க்குச் சிறிது சாய்வு வேண்டும். இல்லையேல் நீரிலிருந்து பிரியும் காற்று நடுவழியில் தங்கி ஓட்டத்தைத் தடுத்துவிடும். குழாயின் உயர்ந்த முனையில் அக்காற்று வெளியேற வாயில் வேண்டும். இரண்டாவது, நீர் சூடேறும்போது பெருகும். குளிர்ந்த 100 லிட்டர் நீர் கொதிநிலையை எட்டும்போது ஏறத்தாழ 104 லிட்டர் ஆகிறது. அந்த 4 லிட்டருக்கு இடம் விடவேண்டும்! அதற்காகவே பழைய அமைப்புகளில் யாவற்றிற்கும் மேலே திறந்த தொட்டி ஒன்றை வைத்தார்கள். சூடான நீர் மேலேற ஒரு வழி, குளிர்ந்த நீர் திரும்ப ஒரு வழி, பெருகிய நீர் ஒதுங்க ஒரு வழி ஆகிய இம்மூன்றும் அமைந்த வீட்டில் தீயும் நீரும் நட்பாக வாழும்.

வழியை அடைத்தால் என்ன நேரும்? 1831இல் இங்கிலாந்தில் ஏஞ்சியர் மார்ச்சு பெர்கின்சு என்பவர், தடித்த இரும்புக் குழாய்களில் நீரை மூடி அடைத்து, கொதிநிலைக்கும் மேலாகச் சூடேற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறு குழாயில் பெருவெப்பம் கிடைத்தது. ஆனால் அழுத்தமும் உடன் பெருகியது. ஆலைகளின் நீராவிக் கொதிகலங்களிலோ இவ்வழுத்தம் உயிர்களையே பறித்தது. 1863இல் கல்கத்தாவில் கொதிகலம் ஒன்று வெடித்தது. அதன் பின்னரே நம் நாட்டில் கொதிகலங்களைச் சோதிப்பதற்கான சட்டங்கள் எழுந்தன. நாடு முழுமைக்கும் பொதுவாக 1923இல் இந்தியக் கொதிகலச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. உயிரிழப்பு கற்பித்த பாடமே சட்டமாயிற்று என்பதை மறத்தலாகாது.

நம் வீட்டுச் செப்புப் பாய்லருக்கு அத்தகைய சட்டம் தேவைப்படவில்லை. அதன் புனலும் மூக்கும் எப்போதும் திறந்தே இருந்தமையால் நீராவி அடைபடவில்லை. ஆயினும், அதைப் பேணுவதற்கு வீட்டிலேயே சில விதிகள் வழங்கின. நீரின்றித் தீ மூட்டக்கூடாது என்பது முதல் விதி. நீர் உள்ளவரை செம்பின் சூடு நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். நீர் வற்றினாலோ, ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் உருகிவிடும் ஈயப் பற்று இளகி, கலம் ஒழுகத் தொடங்கும். நடுக்குழாயில் படியும் கரியைச் சுரண்டவேண்டும் என்பது இரண்டாம் விதி; கரி வெப்பத்தைத் தடுக்கும், புகையையும் அடைக்கும். மூன்றாவது, உட்புறத்து உப்புப் படிவை நீக்குதல். பாறை நிலத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாயின், சூடேறும்போது அது பிரிந்து கலத்தின் சுவரில் காரைபோல் ஒட்டிக்கொள்ளும். புளிக்கரைசலின் அமிலம் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும்.

காலம் மாறியது. திருவண்ணாமலைக்கு மேற்கே தென்பெண்ணையாற்றின் குறுக்கே சாத்தனூர் அணை 1958இல் எழுந்தது; அணைநீர் குழாய் வழியே நகருக்குக் குடிநீராக வந்தது. வீட்டுக்குள் குழாய்நீர் வந்த பின்னர், சுவரில் மின்சார வெந்நீர்க் கலமும் மாடியில் சூரிய வெந்நீர்க் கலமும் இடம்பெற்றன. சூரியக் கலம் புதுமையானது போலத் தோன்றலாம். ஆனால் 1909இலேயே கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், வெயில் ஏற்கும் குழாய்களைக் கீழும் நீர்த்தொட்டியை மேலும் வைத்து அதை அமைத்துக் காட்டினார். வெயிலில் சூடான நீர் தானே தொட்டிக்கு ஏறும். குளிர்ந்த நீர் தானே இறங்கும். பொன்மேன் கண்ட வழியும் பாட்டியின் பாய்லர் காட்டிய வழியும் இதுவே.

மின்சாரக் கலமோ மூடிய கலம். அதனால்தான் அதன் அடியில் பாதுகாப்பு வால்வு ஒன்று பொருத்தப்படுகிறது. அதிலிருந்து சில துளிகள் சொட்டும்போது, நீர் வீணாகிறதே என்று எண்ணி அதை அடைத்துவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்வது பேராபத்து. சூட்டில் பெருகிய நீர் ஒதுங்குவதற்கு விடப்பட்ட வாயில் அது. அளவுக்கு மீறிச் சொட்டினால் தொழிலறிந்தவரை அழைத்து வால்வை மாற்றவேண்டுமேயன்றி அடைத்தல் கூடாது. சூரியக் கலத்தின் உச்சியில் நிற்கும் காற்றுக்குழாயையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.

மாணவர்களே, நுட்பங்கள் பல மாறினும், அவற்றுக்கு அடிப்படையான இயற்கையின் விதி மாறுவதில்லை. இன்று உங்கள் வீட்டுக்கு வெந்நீர் எந்தக் கலத்திலிருந்து வருகிறது என்பதைச் சென்று பாருங்கள். சூடான நீர் எவ்வழியே ஏறுகிறது, குளிர்ந்த நீர் எவ்வழியே வருகிறது, பெருகிய நீர் எவ்வழியே ஒதுங்குகிறது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிடில், அதை வீட்டுப் பெரியோரிடம் உடனே சொல்லுங்கள். தீயையும் நீரையும் ஓரிடத்தில் வைத்தவன், இரண்டுக்கும் வழிவிடக் கடமைப்பட்டவன்.