காதங்களும் சத்திரங்களும்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் திருப்புட்குழி அமைந்துள்ளது. புள் என்றால் பறவை. சீதையை மீட்கப் போராடி வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது இவ்வூர்ப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. உயிர் பிரியும் வேளையில் அப்பறவை செய்த கடைசி உதவி, இராவணன் சென்ற திசையைச் சொன்னதுதான். வழி சொல்லிவிட்டு மடிந்தவரின் நினைவைச் சுமக்கும் இவ்வூருக்குப் பக்கத்து ஊரின் பெயர் பாலுசெட்டி சத்திரம். வழி சொன்னவர், வழியில் தங்க இடம் தந்தவர் என இருவரையும் நினைவூட்டும் இப்பெயர்கள் பழங்கால வழிப்படங்களைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டுகின்றன.

நாட்டின் பரப்பைக் காட்டும் படம் வேறு. வழியைக் காட்டும் படம் வேறு. முன்னது அரசனுக்கு உரியது. பின்னது நடப்பவனுக்கு உரியது. உரோமைப் பேரரசின் சாலைகளைக் காட்டும் பாய்ட்டிங்கர் படம் இதற்குச் சிறந்த சான்று. பழைய மூலம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்ட இது இன்று வியன்னாவில் உள்ளது. நீளம் ஆறரை மீட்டருக்கு மேல். உயரமோ ஒரு முழத்துக்கும் குறைவு. கடல்கள் ஓடைகளைப் போலச் சுருங்கிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு தங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை கல் தொலைவு என்பது எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. உரோமை நகருக்கு அருகில் புனித பேதுருவின் ஆலயம் குறிக்கப்பட்டுள்ளது. படத்தின் கிழக்குக் கோடியில் நம் சேரநாட்டு முசிறியும் இடம்பெற்றுள்ளது. நிலத்தின் வடிவம் பிழைபட்டாலும், நடப்பவனுக்கு வேண்டியது பிழைபடவில்லை.

1675இல் இங்கிலாந்தில் ஜான் ஓகில்பி வெளியிட்ட நூல் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தியது. சக்கரத்தை உருட்டிச் சாலைகளை அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கில் நூறு தாள்களில் அவற்றை அவர் வரைந்தார். சுருளை விரித்தாற்போன்ற நீண்ட பட்டைகளில் சாலை மட்டும் ஓடும். சாலை திரும்பும்போது பட்டை திரும்பாது. திசைகாட்டியின் படமே திரும்பும். ஏற்றத்தில் குன்று நிமிர்ந்தும், இறக்கத்தில் தலைகீழாகவும் வரையப்பட்டிருக்கும்.

நம் முன்னோரோ வழிப்படத்தைக் கல்லில் பொறித்து வழியிலேயே நட்டார்கள். தர்மபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்கு 27 காதம் என்று அறிவிக்கிறது. அதோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஏழு சிறிய குழிகளும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவன் விரலால் தடவியே இருபத்தேழு என்று அறிந்துகொள்ளலாம். கல்லாத வழிப்போக்கனையும் மனத்தில் கொண்ட அந்தச் சிற்பியின் பரிவை என்னென்பது!

வழி அறியாமையின் விலையைக் காஞ்சி வட்டாரம் 1780இல் கண்டது. காஞ்சியில் இருந்த மன்றோவின் படையோடு சேர வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது கர்னல் பெய்லியின் படை. அதற்குத் துணையாக இரவில் அனுப்பப்பட்ட பிளெட்சர், தமக்கு வாய்த்த வழிகாட்டிகளை ஐயுற்று, வேறு வழியே சென்றதால்தான் பெய்லியை அடைய முடிந்தது. ஆயினும் செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் அப்படையை முறியடித்தனர். உதவிக்கு வர வேண்டிய பெரும்படை காஞ்சிப் பக்கம் இருந்தும் காலத்தில் வந்து சேரவில்லை.

அதன்பின் படங்கள் பெருகின. ஜேம்ஸ் ரென்னல் 1782இல் இந்துஸ்தானத்தின் படத்தையும், 1792இல் தென்னாட்டில் ஆங்கிலப் படைகள் நடந்த வழிகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள் ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்கள். 1802 ஏப்ரல் 10ஆம் நாள், நாம் திருப்பயணமாகச் செல்லும் பரங்கிமலையின் அடிவாரத்தில் லாம்டன் தமது மாபெரும் அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்.

இவற்றுள் பல, போருக்காகவும் வரிக்காகவும் எழுந்த முயற்சிகள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அக்காலப் படங்களை உற்று நோக்குவோர் ஒன்றைக் காண்பர். ஊர்களுக்கு நடுவே சத்திரங்களும் ஏரிகளும் குறிக்கப்பட்டிருக்கும். வெயிலில் நடப்பவனுக்கு நிழலும் நீருமே முதல் தேவை. முன்பின் அறியாதவன் தங்குவதற்கென யாரோ எழுப்பிய திண்ணையும், யாரோ வெட்டிய குளமும் இல்லாமல் எந்தப் படையும் வணிகனும் அந்த வழியைக் கடந்திருக்க முடியாது. படம் வரைந்தவன் அளந்தது தொலைவை. அவனை அறியாமலே அவன் பதிவு செய்தது தருமத்தை.

இன்று ஊர்திகள் விரையும் அகன்ற சாலையில் பாலுசெட்டி சத்திரம் என்ற பெயர்ப்பலகை கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகிறது. கட்டியவரின் வரலாற்றைக் கேட்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. எனினும் அவர் செய்த விருந்தோம்பலே ஓர் ஊரின் பெயராகி நிலைத்துவிட்டது. நாம் நடந்த வழியில் நமக்குப் பின் வருபவருக்காக எதைக் குறித்து வைக்கப் போகிறோம்?