வடிநீரின் அளவும் அது வந்த வழியும்: பெருந்துளைகளை முன்வைத்து ஒரு மறுபார்வை

அமெரிக்காவின் மக்காச்சோளப் பட்டை எனப்படும் ஒஹாயோ முதல் அயோவா வரையிலான சமவெளியில் கணிசமான பகுதி ஒருகாலத்தில் சதுப்புநிலம். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் பதித்த வடிகுழாய்களே அதை விளைநிலமாக்கின. அவை மிகைநீரோடு உரத்தையும் வெளியேற்றுகின்றன. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நச்சு டொலிடோ நகரின் குடிநீரில் கலந்ததால் சுமார் நான்கு லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் போனது. மௌமி ஆறு விளைநிலங்களிலிருந்து கொண்டுவந்த பாஸ்பரஸே அந்தப் பாசிக்கு முதன்மை உணவு. எந்த வயல் எவ்வளவு உரத்தை இழக்கிறது என்பதை இன்று பெரும்பாலும் கணினி மாதிரிகளைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். வடிநீரின் அளவை ஒரு மாதிரி சரியாகக் கணித்துவிட்டால் அதன் வேதிப்பொருள் கணக்கையும் நம்பலாம் என்ற எண்ணம் இத்துறையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வட கரோலினாவில் வேய்ன் ஸ்காக்ஸ் உருவாக்கிய டிரெயின்மாட் என்ற கணினி மாதிரி, குழாய்களுக்கு நடுவே நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதிலிருந்து வடிநீரைக் கணிக்கிறது. ஹூக்ஹவுட் 1940இல் நெதர்லாந்தில் தந்த சமன்பாடு அதன் அச்சாணி. குழாய் இடைவெளியை முடிவு செய்ய இது அருமையான கருவி, அதற்காகத்தான் பிறந்தது. ஆனால் மழைநீர் எந்தத் துளை வழியே நீர்மட்டத்தை அடைந்தது என்று அந்தச் சமன்பாடு கேட்பதே இல்லை. மண்ணில் நீரின் நகர்வைக் கணிக்க 1931இல் வந்த ரிச்சர்ட்ஸ் சமன்பாடோ மண்ணை ஒரே சீரான ஊடகமாகக் கொள்கிறது. உண்மையான வயலில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள மண்புழு வளை போன்ற பெருந்துளையும் 0.03 மில்லிமீட்டர் துளையும் அருகருகே இருக்கின்றன. பாய்வு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், நீர் நிறைந்த நிலையில் முதலாவது இரண்டாவதைவிடப் பத்துக் கோடி மடங்கு நீரைக் கடத்தக்கூடியது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த லாஸ், கில்பர்ட், வாரிங்டன் 1882இலேயே திறந்த வழிகளில் நேரே இறங்கும் நீரையும் மண்திரளிலிருந்து, அதாவது நுண்துளைகளாலான மண்ணின் உடலிலிருந்து, மெல்லக் கசியும் நீரையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். நீரியலாளர்களான பெவனும் ஜெர்மனும் 1982இல் இதை மறுபடி வற்புறுத்த நேர்ந்தது, சமன்பாடுகளின் வசதி கண்ணால் கண்டதை எவ்வளவு காலம் மறைக்கும் என்பதற்குச் சான்று.

ஒரே மழையில் ஒரே குழாயின் வாயில் இரண்டு பொருள்களை மணிக்கு மணி அளந்தால் விஷயம் துலங்கும். நைட்ரேட் மண்திரளின் நீரில் கரைந்து கிடப்பது; பாஸ்பரஸ் மேல்மண்ணில், குறிப்பாக உழாத வயலில், சில சென்டிமீட்டருக்குள் செறிந்திருப்பது. மழை வலுத்து வளைகள் வழியே புதுநீர் இறங்கும்போது, பாய்வின் உச்சத்தில் நைட்ரேட்டின் செறிவு பலமுறை தாழ்கிறது. பாஸ்பரஸின் செறிவு ஏறுகிறது. ஒற்றை ஊடக மாதிரியால் இந்த எதிரெதிர்ப் போக்கை இயல்பாகக் காட்ட முடியாது. பாஸ்பரஸ் மண்திரளின் ஊடே கசிந்தால் வழியில் இரும்பு, அலுமினியச் சேர்மங்களில் ஒட்டி நின்றுவிடும், குழாயை எட்டாது. எட்டச் செய்ய ஒட்டும் திறனைக் குறைத்துத் திருத்தினால் மொத்த அளவு பொருந்தும், காரணம் பொய்யாகும்.

பெருந்துளைகளின் எண்ணிக்கையையும் தொடர்ச்சியையும் வயல்தோறும் அளக்க முடியாது, எனவே அவற்றைச் சேர்ப்பது யூகங்களைக் கூட்டுவதே என்பார்கள். இந்த மறுப்பு வலுவானது. ஆனால் சேர்க்காமல் விடுவதும் ஒரு யூகம்தான்: அவற்றின் பாய்வு சுழி என்ற, நிச்சயமாகத் தவறான யூகம். ஆண்டு முழுவதற்குமான நைட்ரேட் இழப்பு மட்டும் தேவையென்றால் எளிய மாதிரி போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நைட்ரேட் மண்திரளின் நீரோடு நகர்வதால் அங்கே பிழை சிறிது. உழவில்லா வேளாண்மை பாஸ்பரஸை எங்கே அனுப்புகிறது என்ற கேள்வியில் அந்தச் சலுகை செல்லாது. உழாத நிலம் மேற்பரப்பு அரிப்பைக் குறைக்கிறது. கூடவே வளைகளையும் சிதையாமல் காக்கிறது. அரிப்பை மட்டும் எண்ணும் மாதிரி உழாமையை முழு ஆதாயமாகவே எழுதும். பாஸ்பரஸ் இழப்பைக் கணிக்கும் மாதிரிகளைச் சரிபார்க்க மாதச் சராசரிகள் உதவா. உரமிட்ட பின் வரும் முதல் பெருமழையின்போது, குழாய் வாயிலில் தானியங்கிச் சேகரிப்பி எடுத்த நீர்மாதிரிகளில் இரு பொருள்களின் செறிவையும் ஒரே அளபுருக்களைக் கொண்டு கணித்துக் காட்டுமாறு கேட்பதே சரியான சோதனை.